சொட்டாத ஒழுகல்

ஐப்பசி நெருங்கினால் காரைக்காலில் இரண்டு வேலைகள் மும்முரமாகும். தீபாவளிக்குத் துணி எடுப்பது ஒன்று, ஓடு மாற்ற ஆள் தேடுவது இன்னொன்று. முதல் வேலைக்குக் கடை கடையாக ஏறி இறங்கலாம். இரண்டாவதற்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. கூரையேறத் தெரிந்தவர்களில் பலர் எழுபதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தரையில் டைல்ஸ் ஒட்டப் போய்விட்டார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. டைல்ஸ் ஒட்டுகிறவர் வழுக்கி விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். ஓட்டிலிருந்து விழுந்தால் கதையே வேறு.

ஒரு பக்கம் வங்கக்கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு என்று நடுவே உட்கார்ந்திருக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் துண்டு நிலம் இது. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் இந்த ஊரை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் நுழைந்தபோது இங்கேயும் ஓடுகள் பறந்தன. புயல் வருவதைச் சொல்ல ஊரிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. வீட்டு மச்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் எதுவும் இல்லை.

கூடத்தின் மரத்தளத்துக்கும் மேலே இருக்கும் ஓட்டுக்கும் நடுவே குனிந்தபடி நுழையும் அந்த இருட்டறையைச் சிலர் மச்சு என்பார்கள், சிலர் பரண் என்பார்கள். வேண்டாத சாமானெல்லாம் அங்கே போகும். மனிதர்கள் மட்டும் போக மாட்டார்கள். மழை பெய்கிறது, கூடத்தில் சொட்டவில்லை, ஆகவே கூரை நன்றாக இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இதுதான் கணக்கு.

அரசலாற்றங்கரைக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரு பழைய வீட்டிலும் இரண்டு வருடம் அந்தக் கணக்குதான் ஓடியது. வீட்டின் முன்பாதி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் சிறு செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கிய தளம். பின்பாதி முற்றத்தைச் சுற்றிச் சீமை ஓடு. ஓட்டைத் தாங்குவது பனங்கை. கட்டியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. இப்போது வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவருடைய மருமகளான 84 வயதுப் பாட்டி, அந்தப் பாட்டியின் மருமகளான ஓய்வுபெற்ற டீச்சர். டீச்சரின் மகன் பாரீஸுக்குப் பக்கத்தில் வேலையில் இருக்கிறான்.

பாட்டியின் கட்டில் கூடத்தின் தென்மேற்கு மூலையில். அங்கிருந்து பார்த்தால் முற்றமும் தெரியும், விளக்கு மாடமும் தெரியும், வாசலில் யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தக் கட்டிலில் படுத்தபடியே பாட்டி அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மழை வாசம் வருதும்மா."

"மழையே இல்லையே அத்தை. வெயில் கொளுத்துது."

"அதுதான் சொல்றேன். வெயில்லயும் வருது."

டீச்சர் தரையைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. தலைக்குமேல் பலகையைப் பார்த்தார், கறையே இல்லை. வயதானால் மூக்கு எதையாவது சொல்லும் என்று விட்டாயிற்று. பாட்டியும் விடவில்லை. ராத்திரியில் மேலே யாரோ பெருமூச்சு விடுவதுபோல் மரம் முனகுகிறது என்று அடுத்த புகார் வந்தது. மகனிடம் போனில் சொன்னபோது அவன் வேறு யோசனை சொன்னான்.

"அம்மா, எவ்வளவு நாளைக்கு இந்த ஓட்டோட மல்லுக்கட்டுவீங்க? ஜனவரியில பணம் அனுப்பறேன். இடிச்சுட்டு காங்கிரீட் போட்டுடலாம்."

ஜனவரி வருவதற்குள் ஒரு மழைக்காலம் இருக்கிறது. அதுதான் சிக்கல். புரட்டாசிக் கடைசி வாரத்தில் டீச்சர் ஒரு ஆசாரியைப் பிடித்துவிட்டார். எழுபத்திரண்டு வயது. "மேல ஏறினா இறங்க லேட்டாகும் டீச்சரம்மா, பரவாயில்லையா?" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

ஆசாரி வந்ததும் ஓட்டின்மேல் ஏறவில்லை. மச்சுக்குள்தான் போக வேண்டும் என்றார். வெளியிலிருந்து பார்த்தால் உடைந்த ஓடு தெரியும், தண்ணீர் போன வழி தெரியாது. ஏறும் முன் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். பழைய வீட்டு மச்சில் ஒயர் எலி கடித்தும் இருக்கும், ஈரமாகவும் இருக்கும். மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டிக்கொண்டார், எலிப் புழுக்கைத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. காலுக்குச் செருப்பு, கையில் ஒரு கம்பு. கம்பு பாம்புக்கும் தேளுக்கும். ஏணியடியில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும் என்பது அவர் போட்ட கடைசி நிபந்தனை. உள்ளே போனபிறகு உத்தரத்தின்மேல் மட்டும் கால் வைத்தார். பலகையை நம்பி மிதித்தால் கூடத்துக்குக் குறுக்குவழியில் வந்து சேர வேண்டியிருக்கும்.

அறுபதைத் தொட்ட டீச்சரும் பின்னாலேயே ஏறினார். ஏணியைப் பக்கத்து வீட்டுப் பையன் பிடித்துக்கொண்டான்.

முதலில் ஆசாரி டார்ச்சை அணைத்துவிட்டு, மச்சுக் கதவையும் சாத்தச் சொன்னார். உச்சி வெயில் நேரம். கும்மிருட்டில் தலைக்குமேல் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தது. ஏழெட்டு இடம். டீச்சர் பதறிப்போனார். ஆசாரி பதறவில்லை. வெளிச்சம் வருகிற இடத்திலெல்லாம் தண்ணீர் வந்துவிடாது. சீமை ஓடு ஒன்றோடொன்று வரப்பில் பூட்டிக்கொள்ளும், இடுக்கில் வெளிச்சம் நுழைந்தாலும் தண்ணீர் வரப்பு வழியே கீழே ஓடிவிடும். வெளிச்சமே வராத இடத்தில் தண்ணீர் வருவதும் உண்டு. அதனால் வெளிச்சத்தைக் குறித்துக்கொள், முடிவு கட்டிவிடாதே என்பது அவர் முறை.

சீமை ஓட்டுக்கு மங்களூர் ஓடு என்றும் பேர். பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய வழக்கம் அது. அதற்கு முன்னால் எங்கும் நாட்டு ஓடுதான். வருஷா வருஷம் பிரித்து மாற்றி அடுக்கியாக வேண்டும். அந்தச் சாக்கில் கூரையும் மரமும் ஆண்டுக்கு ஒருமுறை மனிதர் கண்ணில் பட்டன. சீமை ஓடு வந்து அந்த வேலையை மிச்சப்படுத்தியது. கூடவே கூரையைப் பார்க்கும் பழக்கத்தையும் கொண்டுபோய்விட்டது.

அடுத்தது டார்ச். நேராக அடிக்காமல் மரத்தை ஒட்டிச் சாய்த்து அடித்தால் நேரே பார்க்கும்போது தெரியாத மேடுபள்ளமெல்லாம் தெரியும். ஒரு பனங்கையின் அடிவயிற்றில் கறுப்புக் கோடு ஒன்று நீளமாக இறங்கியிருந்தது. ஆசாரி விரலால் அதைத் தொட்டுக்கொண்டே மேலே போனார். உள்ளே வந்த தண்ணீர் அங்கேயே விழுவதில்லை. மரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சரிவோடு நகர்கிறது. ஒரு ஆணியோ மூட்டோ குறுக்குச் சட்டமோ வழிமறித்தால்தான் சொட்டும். ஓட்டை ஒரு மூலையில் இருக்கும், சொட்டு ஏழெட்டு அடி தள்ளி விழும். சொட்டுக்கு நேர்மேலே இருக்கும் நல்ல ஓட்டை மாற்றிவிட்டு, அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி குண்டானை வைக்கிற வீடுகள் எத்தனை! காசு போவதுதான் மிச்சம்.

அந்தக் கோடு போய் முடிந்தது கூடல்வாயில். இரண்டு கூரைச் சரிவுகள் ஒன்றையொன்று சந்திக்கும் பள்ளம் அது. முற்றம் வைத்த வீட்டில் நாலு மூலையிலும் கூடல்வாய் இருக்கும், இரண்டு சரிவின் மழையும் அங்கே சேர்ந்துதான் ஓடும். அடியில் போட்டிருந்த தகரத்தைக் கடற்காற்று அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. அதற்கு நேர்கீழே ஒரு டிரங்குப் பெட்டி.

டீச்சருக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. அது சொல்தா தாத்தாவின் பெட்டி. 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. கைமாற்ற ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தானாலும் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். பேரன்பிள்ளை இன்றைக்கு பாரீஸ் பக்கம் இருப்பது அந்த ஒரு கையெழுத்தால். தாத்தாவின் ராணுவச் சேவைப் புத்தகமும், பிறப்புச் சான்றுகளும், பென்ஷன் காகிதங்களும் அந்தப் பெட்டியில்.

பெட்டியின் மூடி கெட்டியாக இருந்தது. அடித்தகடுதான் துருப்பிடித்து உதிர்ந்தது. தண்ணீர் மூடிமேல் விழுந்து பக்கவாட்டில் வழிந்து, பலகையில் தேங்கி, கீழிருந்து ஊறியிருக்கிறது. அடியிலிருந்த காகிதங்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நல்லவேளையாகச் சேவைப் புத்தகம் மேலே இருந்தது. ஈரக் காகிதத்தை வெயிலில் வைத்தால் முறுகிச் சுருண்டுவிடும் என்று டீச்சருக்குத் தெரியும். ஒட்டியதைப் பிய்க்காமல், நடுநடுவே வெள்ளைத் தாள் சொருகி, நிழலில் காற்றாட வைத்தார். இரண்டு மூன்று தாளில் மை கரைந்தது கரைந்ததுதான். மற்றதையெல்லாம் அன்றிரவே போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார்.

இத்தோடு போயிருந்தால் தகரம் மாற்றுவதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் பாட்டியின் மழை வாசம் கூடல்வாய்ப் பக்கம் இல்லை. கட்டில் இருப்பது எதிர் மூலை.

டெரஸும் ஓடும் சேருகிற இடத்தில் ஒரு கனத்த சுவர். அந்தச் சுவருக்குள் தலையைச் சொருகித்தான் கூடத்துப் பெரிய உத்தரம் உட்கார்ந்திருந்தது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கறை இல்லை, பூஞ்சை இல்லை. ஆசாரி சுத்தியலின் பிடியால் உத்தரத்தைத் தட்டிக்கொண்டே சுவர்ப்பக்கம் நகர்ந்தார். டங், டங் என்று வந்த சத்தம் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது பொத்தென்று மாறியது. இடுப்பிலிருந்து கோணி ஊசியை எடுத்துக் குத்தினார். நல்ல தேக்கில் கோணி ஊசி நுனிகூட நுழையாது. அங்கே நாலு விரற்கடை சிரமமில்லாமல் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஊசி ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு டீச்சரிடம் நீட்டினார். அதே மழை வாசம்.

"பாட்டி எங்க படுக்குறாங்க?" என்று கேட்டார் ஆசாரி.

டீச்சர் பதில் சொல்லவில்லை. காலுக்குக் கீழே, பலகைக்கு அந்தப்பக்கம்தான் கட்டில்.

ஒரு சொட்டுகூடக் கீழே விழாமல் இது எப்படி நடக்கும்? ஓட்டுச் சரிவு சுவரோடு முட்டுகிற இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு மயிரிழையாக வெடித்திருந்தது. அந்த வழியாக நுழைந்த தண்ணீரைச் செங்கல்லும் சுண்ணாம்பும் குடித்துக்கொண்டன. சுவர் குடித்ததை உத்தரத்தின் தலை குடித்தது. மரம் நனைவதில் பெரிய தப்பில்லை, காய்ந்துவிட்டால் சரி. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை என்பது பொதுக்கணக்கு. சுவருக்குள் புதைந்த தலைக்குக் காற்றுப் படாது, காயவே காயாது. சொட்டுகிற ஒழுகல் அந்த வகையில் நல்லது. சத்தம் போட்டு, தரையை நனைத்து, ஆளைக் கூப்பிடும். சொட்டாத ஒழுகல் யாரையும் கூப்பிடாது.

இதில் இன்னொரு கூட்டாளியும் உண்டு. தொண்ணூறுகளில் டெரஸில் லேசாக ஓதம் தெரிந்தபோது, அந்தக்கால வழக்கப்படி மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த பழைய சுண்ணாம்பு, ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டும்விடும். சிமென்ட் அப்படி விடாது. அது வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழி இருக்காது. பழைய சுண்ணாம்புத் தளத்தின்மேல் சிமென்ட் பூசுவது, வேர்க்கிற ஆளுக்கு ரெயின்கோட் போட்டுவிடுவது போல. நம் ஊர்களில் பல பழைய வீடுகளை மழையைவிட இந்த வைத்தியம்தான் அதிகமாகக் கெடுத்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஒரு கட்டடம் கடைசி நாள்வரை நின்றுகொண்டேதான் இருக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய 'மேரி' கட்டடம், அதாவது நகர மண்டபம், 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் இடிந்து விழுந்தது. வருடக்கணக்கில் சரியான பராமரிப்பில்லாமல் நின்ற கட்டடம். பிறகு பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி, 2021 பிப்ரவரி 25-இல் பிரதமர் திறந்துவைத்தார். அரசாங்கக் கட்டடம் என்றால் மறுபடி எழுப்ப வழி பிறக்கும். கூடத்து மூலைக்கு யார் வருவார்கள்?

அன்று மாலையே கட்டிலை நகர்த்த வேண்டும் என்றார் ஆசாரி. பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த மூலைதான். உத்தரம் விழறதுன்னா விழட்டும்."

"விழுந்தா உங்க மேல மட்டும் விழாது அத்தை. ராத்திரி உங்களுக்குத் தண்ணி குடுக்க நான்தான் வரேன்."

பாட்டி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க?" என்றார். கட்டில் எதிர் மூலைக்குப் போனது. அங்கிருந்து விளக்கு மாடம் தெரியாது என்பதால் மாடத்துக்கு எதிரே ஒரு கண்ணாடியை டீச்சர் மாட்டினார். அதில் விளக்கு தெரிகிறது. வாசல் தெரியவில்லை என்ற குறை இன்னும் இருக்கிறது.

உளுத்த தலைக்குக் கீழே இரண்டு சவுக்குக் கால்களை முட்டுக் கொடுத்தார்கள். காலின் அடியில் அகலப் பலகை, மேலே இன்னொரு பலகை, இடுக்கில் ஆப்பு. பாரம் சுவரிலிருந்து முட்டுக்கு வந்துவிட்டது. உளுத்ததை வெட்டிவிட்டுப் புது தேக்கில் ஒட்டுப்போடுவது மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்தபிறகு. அப்போது உத்தரத்தின் தலையைச் சுற்றி விரலளவு இடைவெளி விட்டு, காற்று போக வழி வைக்க வேண்டும் என்பது ஆசாரியின் திட்டம். மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை மட்டும் உடனே நடந்தன. கூடல்வாயில் துருப்பிடிக்காத தகடு, சுவர் மூட்டில் பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுச் சுண்ணாம்பு, அதன்மேல் சுவரில் சொருகிய சிறு தகடு. டெரஸ் கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றையும் வேரோடு எடுத்தார்கள். மேலே கிள்ளிவிட்டால் அரசு போகாது, வேர் உள்ளேயே பருக்கும்.

விரிசல் விட்ட ஓடுகளுக்கு மாற்று தேடியபோதுதான் வேடிக்கை. புது ஓடு வாங்கினால் பழைய வரப்போடு பூட்டவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் இடிக்கிற வீட்டிலிருந்து அதே அளவு ஓடு கிடைத்தது. மகனிடம் சொன்னபோது அவன் கொஞ்சநேரம் அமைதியாக இருந்துவிட்டு, "சரி, ஜனவரியில நான் வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் இடிக்கறதப் பத்திப் பேச வேண்டாம்" என்றான். தெர்மல் கேமரா ஒன்று வாங்கி வருவதாகவும் சொன்னான். ஆசாரிக்கு அதைக் காட்ட டீச்சர் காத்திருக்கிறார்.

வேலை சரியா என்று பார்க்க மழைவரை பொறுக்கவில்லை. பையன் தோட்டத்து ஹோஸைப் பிடித்து ஓட்டின்மேல் தண்ணீர் விட்டான், டீச்சர் மச்சுக்குள் உட்கார்ந்தார். கீழிருந்துதான் மேலே போக வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம். உச்சியிலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. மச்சுப் பலகையில் பழைய செய்தித்தாளைப் பரப்பியிருந்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகத் தெரியும்.

பழைய கறை எது, புதுக் கறை எது என்பதற்கு டீச்சர் தன் வழியைக் கண்டுபிடித்தார். மரத்திலும் சுவரிலும் இருந்த நாலு கறைகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். முப்பது வருடம் சிலேட்டிலும் நோட்டிலும் தேதி போடச் சொன்ன கை அது. கோட்டைத் தாண்டினால் ஒழுகல் உயிரோடு இருக்கிறது, தாண்டாவிட்டால் பழைய தழும்பு. கடலோரச் சுவர் உப்புப் பூத்தும் ஈரமாகத் தெரியும். தகரக்கூரை வீடாக இருந்தால் விடிகாலையில் தகரம் வேர்த்தும் சொட்டும். கோடு இருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். மச்சு ஏறமுடியாதவர்கள்கூட வீட்டுச் சுவர்க்கறையைச் சுற்றி இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பென்சில் போதும்.

தீபாவளிக்கு மறுநாள் தொடங்கிய மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. கூடத்தில் சொட்டவில்லை. நாலாம் நாள் மழை ஓய்ந்ததும் பையன் ஏணியைப் பிடிக்க, டீச்சர் டார்ச்சோடு ஏறினார். கூடல்வாய்க் கறை கோட்டுக்குள் இருந்தது. உத்தரத்துப் பக்கச் சுவர்க்கறையும் அப்படியே. மூன்றாவதும் நகரவில்லை. நாலாவது, முகட்டு ஓட்டுக்குக் கீழே டிஷ் ஆன்டெனா ஒயருக்காக யாரோ துளை போட்டிருந்த இடம். அந்தக் கறை மட்டும் பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. டீச்சர் அதைச் சுற்றிப் புதிதாக ஒரு கோடு போட்டு, தேதி எழுதிவிட்டு, மச்சிலிருந்தபடியே ஆசாரிக்குப் போன் செய்தார்.